வரிப்பெட்டையின் வாரிசு: சிறுவிடை நாட்குறிப்பு

ஜனவரி 5

பழைய சேவலைக் கைமாற்றி மூன்று வாரத்துக்கு மேலாகிறது. இனி விழும் முட்டைகளை நம்பி எடுத்து வைக்கலாம். சேவலின் விந்து பெட்டையின் உடம்பில் இரண்டு வாரம், சில சமயம் அதற்கு மேலும் உயிரோடு இருக்கும். சேவலை மாற்றிய மறுநாளே முட்டை சேர்த்தால், குஞ்சுக்குத் தகப்பன் யார் என்று சத்தியம் பண்ண முடியாது. கறிக்கு வளர்ப்பவருக்கு இதில் கவலை இல்லை. நிறம் பார்த்து ஜோடி சேர்ப்பவருக்கு இதுதான் முதல் கணக்கு.

புதுச் சேவல் செவலை. கழுத்து பொன்னிறம், வால் பச்சையடிக்கிற கருப்பு. இந்தத் தடவை இரண்டு பெட்டைகளின் முட்டை மட்டும் எடுக்கிறேன். ஒன்று கருப்பில் வெள்ளை வரியோடிய வரிப்பெட்டை, இன்னொன்று கீரி நிறம். முட்டையில் பென்சிலால் தேதி போட்டு, ஈர மணலில் பதித்த மண்சட்டிக்குள் கூர்முனை கீழே இருக்கும்படி வைக்கிறேன். ஒரு வாரம் தாங்கும். வெயில் காலம் என்றால் மூன்று நாலு நாள்தான்.

சிறுவிடை என்பது சிறிய உடம்புள்ள நாட்டுக்கோழி. இதுதான் சிறுவிடையின் நிறம் என்று ஒன்றைக் காட்ட முடியாது. கருப்பு, செவலை, கீரி, சாம்பல், வெள்ளை, புள்ளி எல்லாம் ஒரே வீட்டில் மேயும். சந்தையில் பச்சையும் ரோஸுமாகச் சாயம் அடித்து விற்கிற குஞ்சுகளை வாங்கிக் கொடுத்துக் குழந்தைகளைச் சமாதானப்படுத்துகிறவர்கள், ஒருமுறை ஒரு சிறுவிடைக் கூட்டத்தைக் காலை வெயிலில் பார்க்க வேண்டும்.

ஜனவரி 12

செவலைப் பெட்டை அவயத்துக்கு, அதாவது அடைகாக்க உட்காரும் பருவத்துக்கு, வந்துவிட்டது. கூட்டை விட்டு எழவில்லை. கை நீட்டினால் உடம்பெல்லாம் சிலிர்த்துக்கொண்டு கொத்த வருகிறது. தூக்கிப் பார்த்தேன், வயிற்றில் இறகு உதிர்ந்து தோல் சூடாக இருந்தது. இனி சந்தேகமில்லை.

கூடையில் மணல், மேலே வைக்கோல், பேன் அண்டாமல் இருக்க ஒரு கை நொச்சி இலை. பொழுது சாய்ந்த பிறகு முட்டைகளை வைத்தேன். பகலில் இடம் மாற்றினால் சில பெட்டைகள் பழைய கூட்டுக்கே ஓடிவிடும். அத்தை வழக்கம்போல ஒரு அடுப்புக்கரித் துண்டும் இரும்பு ஆணியும் ஓரத்தில் செருகினார்.

"இடி இடிச்சா முட்டை கலங்கிப் போயிரும் கண்ணு. நீ படிச்சதெல்லாம் இருக்கட்டும்."

மார்கழி, தை மாதத்தில் இடி எங்கே வரப்போகிறது? ஆனாலும் ஆணியை எடுக்கவில்லை.

சிறுவிடையை நான் வைத்துக்கொண்டிருப்பதற்கு முதல் காரணம் இந்த அவய குணம்தான், நிறம் இரண்டாவது. வெள்ளை லெகார்ன் மாதிரி முட்டைக் கோழிகளில் அடை உட்காரும் குணத்தையே தலைமுறை தலைமுறையாகக் கழித்துக்கட்டி விட்டார்கள். அடையில் இருக்கிற கோழி முட்டை இடாது, பண்ணைக்கு அது நஷ்டம். வீட்டில் இன்குபேட்டர் இல்லாதவனுக்கு அதுவே வரம்.

ஜனவரி 19

ராத்திரி கைபேசி டார்ச்சில் முட்டைகளைப் பார்த்தேன். உள்ளங்கைக்குள் முட்டையைப் பிடித்து, அகன்ற முனையில் விளக்கை ஒட்டினால் போதும். உயிர் பிடித்ததில் ஒரு கரும்புள்ளியும் அதிலிருந்து கிளை பிரிகிற சிவப்பு நரம்புகளும் தெரியும். சும்மா மஞ்சளாக ஒளி ஊடுருவினால் கூமுட்டை. கீரிப் பெட்டையின் முட்டைகளில் இரண்டு கூமுட்டை, எடுத்துவிட்டேன். விட்டு வைத்தால் சூட்டில் அழுகி வெடித்து மற்றதையும் கெடுக்கும்.

பெட்டை நாளுக்கு ஒரு தடவை இறங்குகிறது. தண்ணீர், கொஞ்சம் கம்பு, சாம்பல் குழியில் ஒரு புரளல். அப்புறம் ஒரு பெரிய நாற்றமடிக்கிற எச்சம், திரும்பக் கூடை. கால்மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

பிப்ரவரி 2

கணக்குப்படி இருபத்தோராம் நாள். நேற்றே ஓட்டுக்குள்ளிருந்து கீச்சுக் குரல் கேட்டது, பெட்டையும் தொண்டைக்குள் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. காலையில் ஒரு முட்டை கண்ணெதிரில் பொரிந்தது. முதலில் ஒரு நட்சத்திர விரிசல். அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. பிறகு அலகு நுனியில் இருக்கும் வெள்ளை முள்ளால் அகன்ற முனையைச் சுற்றிக் குத்திக்கொண்டே வந்து, மூடியைத் தள்ளித் திறந்தது. பிரித்து உதவலாமா என்று கை பரபரக்கும். கூடாது, உள்சவ்வில் இரத்த ஓட்டம் இன்னும் அடங்கியிருக்காது.

சாயங்காலத்துக்குள் எல்லாம் காய்ந்து பஞ்சாகிவிட்டன. முதுகில் பழுப்புக் கோடு போட்டவை கீரிப் பெட்டையின் பிள்ளைகள். கரிக்குஞ்சுகள் வரிப்பெட்டையுடையவை. நான் காத்திருந்தது இந்தக் கரிக்குஞ்சுகளின் தலைக்காக. சிலவற்றின் உச்சியில் வெள்ளைப் பொட்டு, சிலவற்றில் வெறும் கருப்பு. பொட்டு உள்ளது சேவல், இல்லாதது பெட்டை.

விஷயம் இதுதான். மனிதரில் தகப்பனுக்கு எக்ஸ், ஒய் என்று இரு வகைக் குரோமோசோம். கோழியில் அது தலைகீழ். சேவலுக்கு இரண்டும் இசட், பெட்டைக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. வரியைத் தருகிற மரபணு இசட்டில் உட்கார்ந்திருக்கிறது. தாய் தன் ஒரே இசட்டை மகனுக்குத்தான் கொடுக்கிறது, மகளுக்குப் போவது டபிள்யூ. அதனால் வரியில்லாத சேவலோடு சேர்த்தால் வரிப்பெட்டையின் மகன்கள் எல்லாம் வரி, மகள்கள் ஒன்றுகூட வரியில்லை. "என் வரிக்கோழிக்கு அதே மாதிரி பெட்டைக் குஞ்சு வரவே இல்லை" என்று நிறையப் பேர் புலம்புவது இதனால்தான். வரிப்பெட்டை வேண்டுமென்றால் அவள் மகன் ஒருவனை வளர்த்து ஆளாக்கி, அவன் வழியாகத்தான் வாங்க வேண்டும். அப்படி வரும் மகள்களில் சராசரியாகப் பாதிப் பேருக்கு வரி இருக்கும்.

பிப்ரவரி 9

குஞ்சுகளுக்கு ஏழாம் நாள். கால்நடை மருந்தகத்தில் வெள்ளைக்கழிச்சலுக்கான லசோட்டா சொட்டு மருந்து. கண்ணில் ஒரு சொட்டு, அது இமைத்து உள்ளே இழுக்கும் வரை பிடித்துக்கொள்ள வேண்டும். மாநிலம் முழுக்க பிப்ரவரியில் நடக்கிற கழிச்சல் தடுப்பூசி முகாமும் ஓடுகிறது, பெரியவற்றுக்கு அதிலேயே போட்டாயிற்று.

சின்ன வெங்காயம், மஞ்சள், கீழாநெல்லி எல்லாம் நானும் அரைத்துக் கொடுக்கிறவன்தான். ஆனால் கழிச்சல் உள்ளே வந்துவிட்டால் ஒரு வாரத்தில் கூடு காலியாகும். நாலு தலைமுறை பார்த்துச் சேர்த்த நிறத்தை வெங்காயத்தை மட்டும் நம்பி விட முடியாது.

பிப்ரவரி 20

கரையான் பானை. பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி, ஓலைத் துண்டு எல்லாம் அடைத்துத் தண்ணீர் தெளித்து, புற்று இருக்கிற பக்கம் இரவில் கவிழ்த்து வைத்தால் விடியும்போது பானை நிறையக் கரையான். வெயில் ஏறுமுன் எடுத்துவிட வேண்டும். பானையை நிமிர்த்தியதும் செவலைப் பெட்டை 'கொக் கொக்' என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே போட்டுக் காட்ட, குஞ்சுகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறி விழுந்து பொறுக்கின.

பருந்து இரண்டு தடவை வட்டமடித்தது. தாயின் ஒரு குரலில் அத்தனையும் செம்பருத்திச் செடிக்கடியில். குஞ்சுகளைக் கவிழ்த்து மூடுகிற பஞ்சாரத்துக்கு வேலையே வைக்கவில்லை.

மார்ச் 8

இறகு முளைக்கிறது. பொட்டுக் குஞ்சுகளின் இறக்கையில் வரி தெளிவாக வந்துவிட்டது. கீரியின் பிள்ளைகள் இன்னும் முடிவுக்கு வரவில்லை. இந்த வயதில் நிறம் பார்த்து விலை பேசுகிறவர் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளக் கூடாது.

அத்தையின் தம்பி வந்திருந்தார். அவரிடம் குட்டைக்கால் சேவலும் குட்டைக்கால் பெட்டையும் இருக்கிறது. "ஜோடியா அடை வெச்சா பாதிதான் தேறுது, என்ன தம்பி காரணம்?" என்றார். குட்டைக்கால் மரபணு தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் வந்து சேர்ந்த கரு முதல் வாரத்திலேயே இறந்துவிடும். நாலில் ஒன்று அப்படிப் போகும். கூமுட்டை என்று தூக்கிப் போட்டதில் அதுவும் இருந்திருக்கும். "ஒண்ணு குட்டை, ஒண்ணு நெட்டைன்னு சேருங்க மாமா. பாதிக் குஞ்சு குட்டைக்காலாவே வரும், சாவு வராது" என்றேன். அவருக்குத் திருப்தியில்லை. ஜோடிப் பொருத்தம் போய்விடுகிறதாம்.

மார்ச் 30

எட்டு வாரம். கழிச்சலுக்கு இறக்கைத் தோலுக்கடியில் ஊசி. செவலைப் பெட்டை குஞ்சுகளைக் கொத்தித் துரத்தத் தொடங்கிவிட்டது.

ஏப்ரல் 18

வெயில் ஏறிவிட்டது, இனி அவயத்துக்கு வைப்பதில்லை. அவயத்துக்குக் கேறிக்கொண்டு வருகிற பெட்டையைக் குளிர்ந்த தரையில் தனியாக விட்டுத் தெளிய வைக்கிறேன்.

வரிச் சேவல் குஞ்சுகளில் எதை இனத்துக்கு நிறுத்துவது? ஒன்றின் வரி அச்சடித்த மாதிரி இருக்கிறது. பார்க்க வந்தவர்கள் எல்லாம் அதையே கேட்கிறார்கள். ஆனால் தொடை தடித்து, எடை மற்றவற்றைவிட வேகமாக ஏறுகிறது. ஊருக்குள் கலப்பினக் கோழிகள் வந்து வெகுநாளாகிறது. எந்தத் தலைமுறையில் என்ன கலந்ததோ, எனக்குச் சந்தேகம். இன்னொன்று சிறுகூடு, மெல்லிய கால், வரி கொஞ்சம் மங்கல். அதை நிறுத்துகிறேன். தாய் வரிப்பெட்டை நன்றாக அடை உட்கார்ந்தவள், அந்தப் பக்கம் கவலையில்லை. கூடப் பிறந்தவற்றோடு அதைச் சேர்க்கப் போவதில்லை. பக்கத்துத் தோட்டத்து அக்கா வீட்டுப் பெட்டைகளோடு ஆறு மாதம் கழித்து விடலாம் என்று பேச்சு.

தடித்தவன் குழம்புக்கு. அத்தைக்கு ஏக சந்தோஷம்.

மே 3

தூரத்திலிருந்து ஒருவர் சாம்பல் நிறத்தில் ஜோடி கேட்டு வந்தார். போன வருடத்துச் சாம்பல் சேவலையும் சாம்பல் பெட்டையையும் காட்டி, இரண்டையும் கொடுங்கள், குஞ்செல்லாம் இதே நிறத்தில் வேண்டும் என்றார்.

சாம்பலும் சாம்பலும் சேர்ந்தால் பாதிதான் சாம்பல். கால்வாசி கருப்பு, கால்வாசி அழுக்கு வெள்ளையில் சாம்பல் தெறித்தது. அந்தக் கருப்பையும் தெறிப்பையும் ஜோடி சேர்த்தால்தான் குஞ்சு அத்தனையும் சாம்பலாக வரும். நம்பாமல் பார்த்தார். நோட்டை எடுத்துப் போன வருடத்துப் பக்கத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, சரி, நீங்கள் சொல்கிறபடியே கொடுங்கள் என்றார்.

சாம்பல் கேட்டு வந்தவர், கருப்புச் சேவலையும் தெறிப்புப் பெட்டையையும் அட்டைப் பெட்டியில் எடுத்துக்கொண்டு போனார். பெட்டிக்கு நாலு பக்கமும் ஓட்டை போட்டுக் கொடுத்தேன். முதல் குஞ்சு பொரிந்ததும் போன் பண்ணச் சொல்லியிருக்கிறேன்.