வளைவிற்பொறியின் சூடு ஒருவழியாக அடங்கியது

போன வாரம் வரைக்கும் என் வளைவிற்பொறி முதல் பத்து நிமிடச் சண்டையிலேயே தன் சூட்டில் தானே வெந்து சாகிற நிலைமையில்தான் இருந்தது. இப்போது சாகவில்லை. எக்செல் ஷீட்டில் எல்லாக் கட்டமும் பச்சை. இந்தச் சந்தோஷத்தை எங்கேயாவது கொட்டியாக வேண்டும், அதனால்தான் இந்தப் பதிவு.

புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வரி: என் கதையுலகில் கோளைக் காக்க மூன்று ராட்சதப் பொறிகள், பெயரெல்லாம் பழைய மதில் பொறிகளிடமிருந்து எடுத்தது. சுற்றுப்பாதையில் மிதக்கும் லேசர் கோட்டைதான் வளைவிற்பொறி. பனி நிலவில் பதித்த மின்காந்தப் பீரங்கி கல்லுமிழ்கவண். துரத்திப் போய் மோதும் கூட்டம் சென்றெறிசிரல். கால் முளைத்த கோட்டை ஏன் இல்லை என்று கேட்பவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஐயா, உயரத்தை இரண்டு மடங்கு ஆக்கினால் எடை எட்டு மடங்கு, காலின் குறுக்குவெட்டு நான்கே மடங்கு. 1638-லேயே கலிலியோ எழுதிவைத்துவிட்டுப் போன சங்கதி. நிஜத்தில் தரையில் நகரும் இயந்திரங்களிலேயே மிகக் கனமானதாகச் சொல்லப்படும் பேகர் 293 சுரங்க இயந்திரம் 14,200 டன், 96 மீட்டர் உயரம், அதுவே சங்கிலிப்பட்டையில் ஆமை வேகத்தில்தான் ஊர்கிறது. கால் வேண்டும் என்பவர்கள் வேறு உலகம் பார்த்துக்கொள்ளலாம்.

சரி, சூட்டுக்கு வருகிறேன். கதிரின் சக்தி 1 ஜிகாவாட். லேசரின் திறன் 30 சதவீதம் என்று வைத்தேன். அப்படியானால் உள்ளே போக வேண்டிய மின்சாரம் 3.33 ஜிகாவாட், லேசரிலேயே கழிவு வெப்பமாக மிஞ்சுவது 2.33 ஜிகாவாட். விண்வெளியில் காற்றும் இல்லை, தண்ணீர்த் தொட்டியும் இல்லை, கதிர்வீச்சாக வெளியே தள்ளுவதுதான் ஒரே வழி. சர்வதேச விண்வெளி நிலையத்தின் அமோனியா ரேடியேட்டர்கள் (வெப்பத்தை வெளியே வீசும் பலகைகள்) மொத்தமாக 70 கிலோவாட் தள்ளுகின்றன. எனக்குத் தேவை அதைப்போல முப்பத்து மூவாயிரம் மடங்கு.

இதில் விசித்திரம் என்னவென்றால், இந்த மின்சாரத்தைத் தரும் அணு உலை எனக்குத் தலைவலியே தரவில்லை. உலை 2000 கெல்வினில் ஓடுகிறது, ரேடியேட்டர் 1500 கெல்வின். ஏன் 1500? ரேடியேட்டர் சூடானால் அது சின்னதாகும், ஆனால் மின் உற்பத்தித் திறன் குறையும். இரண்டையும் சேர்த்துப் பரப்பைக் குறைந்தபட்சமாக்கினால் உலை வெப்பநிலையில் சரியாக முக்கால் பங்கில் வந்து நிற்கும். கார்னோ கணக்கில், அதாவது வெப்பத்தை வேலையாக மாற்றுவதன் உச்ச வரம்பில், திறன் வெறும் 25 சதவீதம். தரையில் மின்நிலையம் கட்டுபவர் இதைப் பார்த்தால் சிரிப்பார், விண்வெளியில் இதுதான் லாபம். 3.33 ஜிகாவாட் மின்சாரம் போகக் கழிவு 10 ஜிகாவாட், 1500 கெல்வினில் சதுர மீட்டருக்கு 287 கிலோவாட் போய்விடுகிறது, ஆக 35,000 சதுர மீட்டர் பரப்பு. பலகைக்கு இரண்டு பக்கமும் வீசும் என்பதால் அதில் பாதி அளவுப் பலகை போதும். இவ்வளவு பெரிய பொறிக்கு இது ஒன்றுமே இல்லை.

லேசர்தான் வில்லன். அது 300 கெல்வினில், அதாவது சாதாரண அறைச் சூட்டில், இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். அந்த வெப்பநிலையில் ஒரு சதுர மீட்டர் வீசுவது 459 வாட் மட்டும். கழிவு கால்வாசிகூட இல்லை, ஆனால் அதற்குத் தேவையான பரப்பு 5 சதுர கிலோமீட்டர். உலையின் ரேடியேட்டரைவிட ஏறத்தாழ 145 மடங்கு! வீசும் வெப்பம் வெப்பநிலையின் நான்காம் அடுக்கில் ஏறும் என்று படிக்கும்போது தலையாட்டிவிட்டுப் போய்விடுகிறோம், பொறி வரையும்போதுதான் அது முதுகில் ஏறி உட்காருகிறது. போதாக்குறைக்கு, பூமி இருக்கும் தூரத்தில் சூரியன் சதுர மீட்டருக்கு 1,361 வாட் கொட்டுகிறது. கறுப்புப் பலகை வெயிலுக்கு முகம் காட்டினால் அது வீசுவதைவிட வாங்குவதே அதிகம். ஆக அத்தனை பலகைகளையும் எப்போதும் விளிம்பைச் சூரியனுக்குக் காட்டியபடி திருப்பிக்கொண்டே சண்டை போட வேண்டும். எதிரிக்கு இதைவிட நல்ல இலக்கு கிடைக்குமா?

லேசரின் திறனை 50 சதவீதமாக்கிப் பார்த்தேன், அப்போதும் பரப்பு 2 சதுர கிலோமீட்டருக்குக் கீழே இறங்கவில்லை. வெப்பப் பம்பு வைத்து 300-லிருந்து 1000 கெல்வினுக்கு ஏற்றிப் பார்த்தேன். பரப்பு நன்றாகவே சுருங்குகிறது, மறுக்கவில்லை. ஆனால் இழப்பே இல்லாத பம்புக்குக்கூட 5.4 ஜிகாவாட் கூடுதல் மின்சாரம் வேண்டும். அதற்கு இன்னொரு உலை, அந்த உலைக்கு இன்னொரு ரேடியேட்டர். சுடுவதற்குத் தேவையானதைவிடக் குளிர்விக்க அதிகம் செலவழிக்கும் ஆயுதத்தை என் கதையின் நிதியமைச்சர் ஒப்புக்கொள்ள மாட்டார். உருகிய வெள்ளீயத் துளிகளை வெட்டவெளியில் பீய்ச்சி மறுமுனையில் பிடிக்கும் துளி ரேடியேட்டர் எனக்கு ரொம்பப் பிடித்தது, ரெண்டரில் அசத்தலாக இருக்கும். ஆனால் பொறி சட்டென்று திரும்பினால் துளிகள் தம் பாட்டுக்கு நேராகப் போய்விடும். போர்க்கருவிக்கு ஆகாது.

தீர்வு கடைசியில் விண்வெளி உடையிலிருந்து வந்தது. அப்போலோ வீரர்களின் உடை குளிர்ந்தது ரேடியேட்டரால் அல்ல, தண்ணீரை வெற்றிடத்தில் ஆவியாக விட்டதால். வளைவிற்பொறி நாள் முழுக்கச் சுடப்போவதில்லையே, சண்டை நேரத்தில் மட்டும் தண்ணீர் குடித்தால் என்ன?

கணக்குப் போட்டேன். ஒரு கிலோ பனிக்கட்டி உருக 334 கிலோஜூல், 300 கெல்வினுக்குச் சூடாக 113, அங்கேயே வெற்றிடத்தில் ஆவியாக ஏறத்தாழ 2,440. மொத்தம் 2,890 கிலோஜூல் சொச்சம். பத்து நிமிடம் இடைவிடாமல் சுட்டால் 485 டன். பனிக்கட்டியாகச் சேமித்தால் 10 மீட்டர் விட்டமுள்ள ஒரு உருண்டை, அவ்வளவுதான்! 5 சதுர கிலோமீட்டர் எங்கே, 10 மீட்டர் உருண்டை எங்கே. ஆவியை வெளியே விடாமல், உருகுவதோடு நிறுத்தித் திரும்ப உறைய வைத்துக்கொள்ளலாமே என்றும் பார்த்தேன், அதற்கு ஆறு மடங்குக்கும் மேல் பனிக்கட்டி வேண்டும். இப்போதைக்கு ஆறு உருண்டை வைத்திருக்கிறேன், ஆக மொத்தம் ஒரு மணி நேரச் சூடு. அதற்குமேல் காலி.

கதைக்கு இதுதான் பொன்முட்டை. எதிரிக்குக் கவசம் தேவையில்லை, உருண்டைகளை எண்ணத் தெரிந்தால் போதும். மலிவான பொய் இலக்குகளை அனுப்பிக் கோட்டையைத் தண்ணீர் குடிக்க வைத்தே வறட்டிவிடலாம். தளபதி சுடலாமா வேண்டாமா என்று தயங்க இப்போது ஒரு நிஜக் காரணம் இருக்கிறது. இதற்கு முந்தைய வரைவில் அவர் சும்மா தாடியைத் தடவிக்கொண்டு நின்றார்.

ஒரு சின்ன வம்பு மட்டும் மிச்சம். ஆவி வினாடிக்கு 800 கிலோ வெளியேறுகிறது, வேகம் அதிகபட்சம் வினாடிக்கு ஒரு கிலோமீட்டர் அளவில் வரும். ஒரே பக்கமாக விட்டால் 80 டன் எடையின் விசையில் கோட்டையே நகரும், குறி தவறும். அதனால் எதிரெதிராக இரண்டு துவாரம், இரண்டும் கதிரைக் குவிக்கும் கண்ணாடிக்கு எதிர்முனையில். கண்ணாடிமீது உறைபனி படிந்தால் அதன் 10 மீட்டர் விட்டமும் வீண். அந்தக் கண்ணாடியை நம்பித்தான் 10,000 கிலோமீட்டரில் கதிர் விழும் புள்ளியின் விட்டம் 2.4 மீட்டராக நிற்கிறது. நம் நிலவு தூரத்துக்குப் போனால் அதுவே 94 மீட்டர், எதிரிமேல் விழுவது வெயிலைப்போல ஏறத்தாழ நூறு மடங்காகத்தான் இருக்கும்.

உலை ரேடியேட்டரின் வடிவம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான்கு துடுப்புப் பலகை சிலுவைபோல நின்றால் கம்பீரம், எனக்கும் அதுதான் ஆசை. ஆனால் பக்கத்துத் துடுப்புகள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும், வீசியதில் ஒரு பங்கு திரும்ப வரும். 90 டிகிரியில் ஒவ்வொரு முகமும் 29 சதவீதத்தை இப்படி இழக்கிறது, 120 டிகிரியில் 13 சதவீதம். இரண்டு துடுப்புக்கு முழுசாக 4 முகம், மூன்றுக்கு 5.2 முகத்துக்குச் சமம், நான்குக்கு 5.66. நான்காவது துடுப்பு தன் எடைக்கு அரை முகம்கூடத் தருவதில்லை! மூன்றோடு நிறுத்திவிட்டேன். உலைப் பக்கம் குறுகி, போகப் போக அகலும்படி வெட்டியிருக்கிறேன், உலையின் அணுக்கதிர்வீச்சைத் தடுக்கும் சுவரின் நிழல் கூம்புக்குள் மொத்தமும் அடங்க வேண்டுமே. பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில், வெப்பநிலையை நிறமாக மாற்றும் பிளாக்பாடி நோடில் 1500 போட்டதும் வந்த ஆரஞ்சைப் பார்த்துவிட்டு வேறு எந்த நிறமும் தொடவில்லை.

மாடல் பற்றி ஒரு புலம்பல். குழாய், வால்வு, ஏணி எல்லாம் நானே செய்யப் பொறுமையில்லாமல் இணையத்தில் ஒரு உதிரிபாகத் தொகுப்பு காசு கொடுத்து வாங்கினேன். முன்னோட்டப் படத்தில் ஜொலித்தது. திறந்து பார்த்தால் பாதி முகங்களின் நார்மல் (எது வெளிப்பக்கம் என்று காட்டும் திசை) உள்பக்கம் திரும்பிக் கிடக்கிறது, ஒரு சின்ன வால்வுக்கு ஒரு கப்பலுக்குப் போடுகிற பாலிகன். விற்றவரிடமிருந்து பதிலே இல்லை. இலவசமாகக் கிடைக்கும் தொழிற்சாலைக் குழாய் மாடல்கள் எவ்வளவோ தேவலை. அளவு மட்டும் மாற்றிக்கொண்டால் பொருந்திவிடுகின்றன.

உருண்டைகளைத் தாங்கும் சட்டம் இன்னும் வரையவில்லை, பனிக்கட்டியை உருக்கி லேசருக்கு அனுப்பும் பம்பும் பாக்கி. அதற்குள் மனசு கவணுக்குத் தாவிவிட்டது. கவண் இருக்கும் நிலவு சனியின் என்செலடஸ் மாதிரிச் சின்னது என்று வைத்தால் விடுபடு வேகம் (அதன் ஈர்ப்பைவிட்டுத் தப்பத் தேவையான வேகம்) வினாடிக்கு 240 மீட்டர்தான். 1966-ல் வானை நோக்கிச் சுட்ட ஹார்ப் ஆராய்ச்சித் திட்டத்தின் பீரங்கி பூமியிலிருந்தே 180 கிலோமீட்டர் உயரத்துக்கு எறிந்திருக்கிறது, அதோடு ஒப்பிட்டால் இது சுண்டுவிரல் வேலை. ஆக அமைதிக் காலத்தில் கல்லுமிழ்கவண் கல்லை உமிழ வேண்டியதில்லை, வளைவிற்பொறிக்குப் பனிக்கட்டி உமிழட்டும். எறிவது சுலபம், கீழே பிடித்து நிறுத்துவதுதான் செலவு. அந்த வேலையைச் சிரல்களிடம் தள்ளிவிடலாம் என்று நினைக்கிறேன், சும்மா நிற்கிற நேரத்தில் அவையும் ஏதாவது செய்யட்டும். வினாடிக்கு 3 கிலோமீட்டரில் மோதினாலே எடைக்கு எடை டிஎன்டி அளவு ஆற்றல் வந்துவிடுகிறது, அதனால் சிரலுக்கு வெடிகுண்டு தேவையில்லை. அந்த இடத்தில் வலையும் ஒரு கொக்கியும் வைக்க முடியுமா என்றுதான் அடுத்து பார்க்கப்போகிறேன்.