பதினெட்டு வயசு மாருதி

"சார், இதை இன்னும் வச்சிருக்கீங்களா?" என்று பெட்ரோல் பங்கில் கேட்காத ஆளில்லை. 2007 மாடல் மாருதி 800. கம்பெனியே 2014-இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. நான் ஓட்டுவதை நிறுத்தவில்லை.

போன வாரம் பெரம்பலூர் தாண்டியதும் டெம்பரேச்சர் முள் மேலே ஏறியது. ஓரங்கட்டி பானட்டைத் திறந்தால் ஒரே ஆவி. நல்லவேளை, சூட்டோடு ரேடியேட்டர் மூடியில் கை வைக்கவில்லை, வெந்துபோயிருக்கும். தப்பு என் மேல்தான். இரண்டு வருஷமாக, இன்ஜின் சூட்டைத் தணிக்க ஊற்றும் கூலன்ட்டுக்குப் பதில் வீட்டு போர் தண்ணீரையே ஊற்றி வந்தேன். உப்பு படிந்து, துருவும் சேர்ந்து, ரேடியேட்டரின் பொடிக் குழாய்களை அடைத்துவிட்டது. அதில் மிச்சம் பிடித்தது மிஞ்சிப்போனால் ஆயிரம் ரூபாய். இப்போது கழற்றிச் சுத்தம் செய்து, ஹோஸ் மாற்றி, கூலன்ட் ஊற்ற 3,400. (வீட்டில் 2,000 என்றுதான் சொல்லியிருக்கிறேன்.)

"அண்ணே, டைமிங் பெல்ட்டையும் மாத்திடுங்க, அறுந்தா நடுரோட்டுலதான் நிப்பீங்க" என்றான் மெக்கானிக் தம்பி. சரி, அதையும் மாற்றியாச்சு.

15 வருஷம் முடிந்து 2022-இல் ஆர்.சி.யை (வண்டிப் பதிவுச் சான்று) புதுப்பித்தபோது கட்டணம் 5,000. அந்த ஏப்ரலில்தான் 600-லிருந்து ஏற்றியிருந்தார்கள், என் நேரம். 20 வயசு தாண்டினால் இப்போது 10,000. 2027-இல் மறுபடி ஆர்.டி.ஓ. வாசலில் நிற்க வேண்டும். இருக்கட்டும், மச்சான் வாங்கிய புது காருக்கு ஒரு மாச இஎம்ஐயே அதைவிட அதிகம்.

ஏசி மட்டும் காற்று தருவதோடு சரி.