வினாத்தாள் காசு

கடந்த வருடம் இரண்டாம் தவணை முடியும் தறுவாயில் ஒரு நாள், தரம் 10 மாணவர்களுக்குக் கோல்புறூக் சீர்திருத்தங்களைப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கையில் வரலாற்றுப் பாடநூல் இருந்தது. மேசையில் ஒரு சின்னக் கொப்பி இருந்தது. கொப்பியில் 27 பெயர்கள். தவணைப் பரீட்சை வினாத்தாள்களைப் போட்டோக்கொப்பி எடுப்பதற்கான 150 ரூபாயைக் கட்டியவர்களின் பெயருக்கு எதிரே சரி போட்டிருந்தேன். 11 பெயர்களுக்கு எதிரே ஒன்றும் இல்லை. கட்டாதவர்களுக்கு நினைவூட்டும்படி கூட்டத்தில் சொல்லப்பட்டிருந்ததால், பாடத்தை நிறுத்திவிட்டு அந்த 11 பேரையும் எழுந்து நிற்கச் சொன்னேன். நின்றார்கள். ஒருத்தி மட்டும், "வெள்ளாம வெட்டினாப் பிறகு தாறன் எண்டு அம்மா சொல்லச் சொன்னவ சேர்" என்றாள். மற்றவர்கள் குனிந்த தலை நிமிரவில்லை. அவர்களை இருக்கச் சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். இலங்கையில் செலவு வருமானத்தை மிஞ்சிப் போனதால் பிரித்தானிய அரசாங்கம் 1829இல் ஒரு விசாரணைக் குழுவை இங்கு அனுப்பியது என்பதுதான் நான் விட்டிருந்த இடம்.

நான் மட்டக்களப்பு வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரையில் வசிப்பவன். குருமண்வெளித் துறையில் மோட்டார் சைக்கிளைப் பாதையில் ஏற்றி, வாவியைக் கடந்து மண்டூரில் இறங்கி, அங்கிருந்து இன்னும் உள்ளே போகவேண்டிய ஒரு பாடசாலையில் 14 வருடங்களாக வரலாறு படிப்பிக்கிறேன். (பாதை என்று நாங்கள் சொல்வது ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவையை. வெளியூர் வாசகர்கள் தெரு என்று நினைத்துவிடக் கூடாது.) பாதையில் நிற்கும் ஆசிரியர்களின் பேச்சு பெரும்பாலும் இடமாற்றத்தைப் பற்றியதாகவே இருக்கும். அன்று மாலை அந்தப் பேச்சில் என் காது போகவில்லை. செலவு, வருமானம், குழு என்ற மூன்று சொற்களும் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தன.

அந்தக் குழுவில் வந்த கோல்புறூக்கையும் கமரனையும் நாம் சீர்திருத்தக்காரர்களாகவே படிக்கிறோம். இராஜகாரியம் என்ற கட்டாய ஊழியம் ஒழிந்தது, சட்டநிரூபண சபை வந்தது, ஆங்கிலக் கல்வி பரவியது என்று எழுதினால் பரீட்சையில் புள்ளி கிடைத்துவிடும். ஆனால் அந்தக் குழு எதற்காக வந்தது என்பதையும் அது கல்விக்கு என்ன செய்தது என்பதையும் பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்த்தால் கதை வேறு நிறம் கொள்கிறது. அரசாங்கம் நடத்திவந்த சுதேச மொழிப் பாடசாலைகள் அவர்களுக்கு வீண்செலவாகத் தெரிந்தன. ஆங்கிலம் படித்த சுதேசிகள் சிலரை உருவாக்கிவிட்டால் நிருவாகத்துக்கு இங்கிலாந்திலிருந்து ஆள் இறக்கும் செலவும் மிச்சப்படும் என்று கணக்குப் போட்டார்கள். ஒரு பிள்ளை எதை, எந்த மொழியில் கற்க வேண்டும் என்ற கேள்வி, கச்சேரி என்ற அரச அலுவலகத்துக்கு எத்தனை எழுதுவினைஞர் வேண்டும் என்ற கேள்வியாக அன்றைக்கே மாறிவிட்டது. பிறகு, 1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் உருவானதையடுத்து, மிஷன் பாடசாலைகளுக்குப் பெறுபேற்றுக்கேற்ற கொடுப்பனவு என்ற விதியும் இங்கிலாந்திலிருந்து இறக்குமதியானது. வாசிப்பிலும் எழுத்திலும் கணக்கிலும் எத்தனை பிள்ளைகள் தேறுகிறார்களோ அதற்கேற்பக் காசு. இன்று பெறுபேற்று வீதத்தை வைத்துப் பாடசாலைகளைத் தரவரிசைப்படுத்துவதை நவீன முகாமைத்துவம் என்று செயலமர்வுகளில் விளக்கும்போது, இது 150 வருடப் பழைய சரக்கல்லவா என்று எனக்குச் சிரிப்பு வரும்.

மட்டக்களப்பில் பாடசாலை என்பது அந்தக் கப்பலில் வந்த பொருள்தான். 1814இல் மெதடிஸ்த மிஷனின் வில்லியம் ஓல்ட் இங்கு வந்திறங்கியதோடு மத்திய கல்லூரியின் வரலாறு தொடங்குகிறது. வந்த பொருளை இங்குள்ளவர்கள் வந்தபடியே வைத்திருக்கவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1892இல் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் மிஷன் பாடசாலைகளில் படித்தவர். லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரி. அந்தப் படிப்பைக் கொண்டு அவர் கிராமங்களில் பாடசாலைகளை நடத்தினார். 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடக்கினார். விஞ்ஞானத்தைத் தமிழில் படிப்பிப்பதற்கு வேண்டிய கலைச்சொற்களை ஆக்கும் பணியில் தலைமையேற்று உழைத்தார். பௌதிகம் தெரிந்த ஒரு துறவி யாழின் சுருதிக் கணக்கைத் தேடிப் போனதை நாம் பக்தியோடு மட்டும் நினைவுகூர்கிறோம். எது அறிவு என்பதை லண்டன் தீர்மானிக்க விடமாட்டேன் என்ற பிடிவாதமும் அதற்குள் இருந்தது.

1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. அதன் கையோடு கிராமப்புறங்களில் மத்திய மகா வித்தியாலயங்கள் எழுந்தன. எங்கள் மாவட்டத்துக்கு வந்தாறுமூலை கிடைத்தது. என் தகப்பனார் அங்கே புலமைப்பரிசிலில் விடுதியில் தங்கிப் படித்தவர். "வீட்டில் கட்டியது உடுப்பு மூட்டையை மட்டுந்தான், காசு ஒரு சதமும் கட்டவில்லை" என்று சொல்லுவார். அந்த வளாகத்தில்தான் 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கி, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாகியது. மூட்டையோடு போன ஒருவரின் மகன் அதே நிலத்தில் பட்டம் பெற்றான் என்பதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் வேறு எந்த வழியாலும் அது நடந்திருக்காது.

1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பிறகு இந்த ஏற்பாட்டை நேரடியாக விற்கப் பார்த்த முயற்சிகள் பலமுறை முட்டுப்பட்டு நின்றன. 1981ஆம் ஆண்டுக் கல்வி வெள்ளை அறிக்கை எதிர்ப்பினால் கைவிடப்பட்டது. வட கொழும்புத் தனியார் மருத்துவக் கல்லூரி 1989இல் அரசுடைமையானது. மாலபேயில் இயங்கிய சைட்டம் என்ற தனியார் மருத்துவக் கல்லூரியும் நீண்ட போராட்டத்தின் பின் இழுத்து மூடப்பட்டது. ஆகவே வேறு வழிகள் கண்டுபிடிக்கப்பட்டன. புதிய தனியார் பாடசாலைகளைத் தொடங்க 1960களின் சட்டம் இடங்கொடாது என்பதால், சர்வதேசப் பாடசாலைகள் கம்பனிச் சட்டத்தின் கீழ்ப் பதிவாகின்றன. ஒரு பிஸ்கட் கம்பனிக்குள்ள சட்டத் தகுதிதான் அவற்றுக்கும். அரச பாடசாலைகளுக்கு வந்த மருந்து இன்னும் நுட்பமானது. 2006 முதல் உலக வங்கியின் ஆதரவோடு பாடசாலை மட்ட முகாமைத்துவம் அறிமுகமானது. பாடசாலையே தீர்மானம் எடுக்கலாம், பாடசாலையே வளம் திரட்டலாம் என்றார்கள். கேட்க இனிமையாகத்தான் இருந்தது. நகரத்துப் பெரிய பாடசாலைக்குக் கனடாவிலும் லண்டனிலும் பழைய மாணவர் சங்கம் இருக்கிறது. எங்கள் பாடசாலையின் பழைய மாணவர்கள் பெரும்பாலும் வயலிலும், சிலர் கட்டாரிலும் இருக்கிறார்கள். திரட்டும் உரிமை இருவருக்கும் சமம். திரட்டக்கூடிய இடம் எங்களுக்கு அந்தச் சின்னக் கொப்பி மட்டுந்தான்.

நாடு 2022இல் வங்குரோத்தாகி, 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் ஏறத்தாழ 3 பில்லியன் டொலர் கடன் திட்டத்துக்குள் போனபின் இது இறுகிவிட்டது. செலவு வருமானத்தை மிஞ்சியது. வெளியிலிருந்து ஆட்கள் வந்து கணக்குப் பார்த்தார்கள். பல்கலைக்கழக ஆசிரியர்கள் 2012இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 வீதத்தைக் கல்விக்குக் கேட்டுப் பல வாரங்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நாம் இன்னும் 2 வீதத்தைச் சுற்றியே நிற்கிறோம். கடதாசி விலை ஏறியபோது கல்வி வலயப் பணிமனை தந்த வினாத்தாள்களைப் பெருக்கும் செலவு பாடசாலைக்கு இறங்கியது. பாடசாலையிலிருந்து வகுப்பாசிரியருக்கு இறங்கியது. என்னிடமிருந்து அந்த 11 பேருக்கு இறங்கியது. வெள்ளாமை வெட்டக் காத்திருந்த அந்தத் தாய் ஏற்கெனவே நுண்கடன் குழுவில் இருப்பவர். கிழமைக் கடன் கட்டும் நாளில் பெற்றோர் கூட்டம் வைத்தால் அவர் வரமாட்டார் என்பதை அனுபவத்தில் தெரிந்துகொண்டு, கூட்டத்தை நாங்கள் வியாழனுக்கு மாற்றியிருக்கிறோம். கடன் வசூலிக்க வருபவரிடமும் ஒரு கொப்பி இருக்கிறது. இரண்டு கொப்பிகளையும் அந்தப் பெண் எப்படி வேறுபடுத்துவார் என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு விடயத்தை இடையில் சொல்லிவிடுகிறேன். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு எங்கள் கரையோரத்தில் எழுந்த பாடசாலைக் கட்டடங்கள் பலவற்றில், உதவிய நாட்டின் பெயரும் நிறுவனத்தின் சின்னமும் பளிங்கில் பதிக்கப்பட்டிருக்கின்றன. உள்ளே படிப்பிப்பவரின் சம்பளத்துக்குச் சின்னம் பதிக்க எவரும் வந்ததில்லை. 2017இல் மட்டக்களப்பு காந்திப் பூங்காவில் வேலையற்ற பட்டதாரிகள் நாட்கணக்காகச் சத்தியாக்கிரகம் இருந்தபோது, வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஆசிரியர் இல்லாத வகுப்புகளும் இருந்தன.

எதிர்ப்பைப் பற்றி எழுதும்போது எங்களைப் புனிதர்களாக்க நான் விரும்பவில்லை. 2021 ஜூலையில் சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரியும் கொத்தலாவலை பாதுகாப்புப் பல்கலைக்கழகச் சட்டமூலத்தை எதிர்த்தும் ஆசிரியர்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகினோம். மூன்று மாதங்களுக்கு மேல் அது நீடித்தது. நானும் விலகினேன், இன்றும் அது சரியென்றே நினைக்கிறேன். குளக்கட்டில் ஏறி நின்று சிக்னல் தேடிய பிள்ளைகளுக்கு அந்த வகுப்புகள் முன்பும் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை என்பது உண்மை. ஆனால் எங்களில் சிலர் அதே காலத்தில் காசுக்கு டியூஷன் வகுப்பை நடத்தினார்கள் என்பதும் உண்மை. இலவசக் கல்வியைக் காப்போம் என்ற பதாகையைக் காலையில் பிடித்த கை மாலையில் கட்டண அட்டையில் கையொப்பம் வைத்தால், பெற்றோர் எங்களை நம்பாமல் விடுவதற்கு அவர்களைக் குறைசொல்ல முடியாது.

வேறு வகையான எதிர்ப்புகளும் இங்கே உண்டு. பல்கலைக்கழகங்களில் மூத்த மாணவர்கள் இளையவர்களுக்கு ஒரு சதமும் வாங்காமல் பாடம் சொல்லிக்கொடுப்பதைக் குப்பி என்பார்கள். குப்பி விளக்கு வெளிச்சத்தில் படித்த காலத்தின் பெயர் அது. 2017இல் உலக வங்கியின் 100 மில்லியன் டொலருடன் உயர்கல்வியை விரிவாக்கும் திட்டம் வந்து, விரிவுரையாளர்கள் கற்றற்பேறு அட்டவணைகளை நிரப்பத் தொடங்கிய காலத்திலும், கலைப்பீடத்துப் பிள்ளைகளை உண்மையில் கரைசேர்த்தது குப்பிதான் என்று என் பழைய மாணவர்கள் சொல்கிறார்கள். சி. ஜெயசங்கரும் மூன்றாவது கண் என்ற குழுவின் நண்பர்களும் மட்டக்களப்பின் சீலாமுனையில் கூத்தை மீளுருவாக்கம் செய்தபோது, கூத்துப் பழக்கும் அண்ணாவியாரை ஆசிரியராகவும் கூத்தாடும் களரியை வகுப்பறையாகவும் ஏற்றுக்கொண்டார்கள். தாளக்கட்டைப் பிள்ளை காலால் கற்கிறது. அதை எந்த அட்டவணையில் நிரப்புவது?

நாங்கள் செய்தது மிகச் சிறியது. மூன்றாந் தவணைக்கு வினாத்தாள் காசு கேட்பதில்லை என்று நான்கு ஆசிரியர்கள் சேர்ந்து முடிவெடுத்து, தரம் 6 முதல் 9 வரை எங்கள் பாடங்களின் வினாக்களைக் கரும்பலகையில் எழுதினோம். முதல் பாதையைப் பிடித்து விடியப் போய் எழுதத் தொடங்கினேன். கடைசி வாங்கில் இருப்பவருக்கும் தெரியும் அளவில் எழுதினால் ஒரு பலகையில் நாலு வினாவுக்கு மேல் கொள்ளாது. இலங்கைப் படத்தை வெண்கட்டியால் வரைந்தபோது திருகோணமலைக் குடாவைச் சரியாக வளைக்க மூன்று தரம் அழிக்க வேண்டியிருந்தது. நாற்பது பல்தேர்வு வினாக்களுக்கு எங்கே இடம்? அவற்றை விட்டுவிட்டோம். இரண்டு பலகைகளில் எட்டு வினாக்கள். எல்லாமே எழுதி விளக்க வேண்டியவை. முதல் அரைமணித்தியாலம் பிள்ளைகள் திகைத்துப் போயிருந்தார்கள். பிறகு எழுதினார்கள். திருத்தும்போது எனக்கு முதுகு வலித்தது. ஆனால் யார் எதை விளங்கிக்கொள்ளவில்லை என்பது, இத்தனை வருடங்களில் முதன்முறையாக, எனக்கு வரிக்கு வரி தெரிந்தது. தரம் 8 பிள்ளை ஒன்று மண்டூர்க் கோயில் திருவிழாவைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தது. கேட்ட வினா அதுவல்ல. ஆனாலும் வாசித்து முடித்தேன்.

புள்ளிப் பட்டியலில் பல்தேர்வுக்கென்று ஒரு நிரல் இருக்கிறது. அதில் கோடு கீறி அனுப்பினோம். பட்டியல் திரும்பி வந்துவிட்டது. நிரல் ஏன் வெறுமையாக இருக்கிறது என்று எழுத்தில் விளக்கம் தரும்படி கேட்டிருக்கிறார்கள். மூன்று நாட்களாகப் பாதையில் வரும்போதும் போகும்போதும் அந்தக் கடிதத்தைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். 1829இலிருந்து தொடங்கினால் ஒரு பக்கத்துக்குள் அடங்காது என்று கூட இருக்கும் ரீச்சர் சொல்கிறார்.