தொடர்பில் இல்லை

"இனிமே நீங்க போன் பண்ணாம இருந்தா நல்லது சார்" என்று அவன் சொன்னதும், "சரிப்பா" என்று உடனே சொல்லிவிட்டேன். காரணம் கேட்கவில்லை. முந்தைய அழைப்பின்போது, உடன் வேலை செய்பவர் யாரோ "யாருப்பா?" என்று விசாரித்ததும், "மாமா" என்று அவன் பதில் சொன்னதும் என் காதில் விழுந்திருந்தன. அடையாள ஆவணங்களைத் திரட்டுவது, விட்டுப்போன தேர்வை எழுத வைப்பது, தங்குமிடம் பார்ப்பது, வேலையில் சேர்ப்பது என, சிறார் இல்லத்திலிருந்து விடுதலையாகி வருபவர்களுக்கு உதவும் பிற்காப்புப் பணியில் நாங்கள் செய்யும் பெரிய காரியங்களெல்லாம் அவனுக்கு முடிந்துவிட்டிருந்தன. ஆனாலும் அந்தச் 'சரி' அவ்வளவு விரைவில் வந்திருக்க வேண்டுமா என்பது இன்னும் என்னை உறுத்துகிறது.

அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. சிறார் வழக்குகளின் ஆவணங்கள் மூன்றாம் நபருக்குக் கிடைக்காதபடி கண்டிப்பாக மறைவாக வைக்கப்பட வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் சபையின் 1985ஆம் ஆண்டு பெய்ஜிங் விதிகள் கூறுகின்றன. காவலில் வைக்கப்படும் சிறாருக்காக அதே சபை 1990இல் ஏற்ற ஹவானா விதிகள் இன்னும் நுணுக்கமாகப் போகின்றன: விடுதலையாகும்போது சிறாரின் கோப்பு முத்திரையிடப்பட வேண்டும், உரிய காலத்தில் அழிக்கப்பட வேண்டும், காவலில் இருந்தபோது பெற்ற கல்விச் சான்றிதழில், அவர் அங்கே இருந்தார் என்பதைக் காட்டும் எந்தக் குறிப்பும் இருக்கக்கூடாது. இந்தக் கடைசி விதியை எடுத்துக்காட்டித்தான் அவனுடைய தொழிற்பயிற்சிச் சான்றிதழை நான் மாற்றி வாங்கிக் கொடுத்திருந்தேன். முதலில் வந்ததில் இல்லத்தின் பெயர் உச்சியிலேயே அச்சாகியிருந்தது. காகிதத்தில் இருந்த தடயத்தை அகற்ற அலைந்த நானே, மாதந்தோறும் அவனுடைய கைபேசியில் ஒலிக்கும் தடயமாகிப்போனேன்.

இந்த அளவில் என் முடிவு சரியென்றே படுகிறது. ஆனால் வெளியே வரும் சிறார் சமூகத்தில் மீண்டும் நிலைபெற உதவும் சேவைகள் வேண்டும் என்று சொல்வதும் அதே ஹவானா விதிகள்தான். விடுதலைக்குப் பிந்தைய முதல் சில மாதங்களில்தான் மறுபடி வழுக்கி விழும் அபாயம் அதிகம் என்பது இந்தப் பணியில் இருக்கும் எவருக்கும் தெரியும். அதைவிடச் சங்கடமானது, நிமிர்ந்துவிட்டவனும் மூழ்கிக்கொண்டிருப்பவனும் எங்களிடம் சொல்வது ஏறக்குறைய ஒரே வாக்கியம் என்பது. 'கூப்பிட வேண்டாம்' என்று முன்பு சொன்ன வேறொருவன் அப்போது பழைய சகவாசத்துக்குத் திரும்பியிருந்தான். இவன் குரலில் அந்தப் பதற்றம் இல்லை என்று எனக்குத் தோன்றியது. குரலை வைத்து எடை போட முடியும் என்று நம்புவதற்கு அனுபவம் மட்டுமே ஆதாரம். அந்த அனுபவத்தைச் சோதித்துப் பார்க்கவும் வழியில்லை. அவன் ஒழுங்காக வேலைக்குப் போகிறான் என்பதே அவன் வாயால் கேட்டதுதான். முதலாளியிடம் விசாரித்தால், விசாரிக்கும் நான் யார் என்ற கேள்வி வரும்.

அந்தச் சரியில் எனக்குக் கொஞ்சம் நிம்மதியும் இருந்தது என்பதை மறைப்பானேன்? கவனிக்க வேண்டியவர்கள் பலர் இருக்கும்போது ஒருவர் தானாக விலகிக்கொள்வது நல்ல செய்தியாகத்தான் கேட்கும். அது என் தீர்ப்பை எந்த அளவுக்குச் சாய்த்தது என்று எனக்குப் பிடிபடவில்லை.

தொடர்கண்காணிப்புப் படிவத்தில் இதற்கு இடமே கிடையாது. தொடர்பில் இருக்கிறார், தொடர்பில் இல்லை, மீண்டும் வழக்கில் சிக்கியுள்ளார் என்பவற்றில் ஒன்றைத்தான் குறிக்க முடியும். இரண்டாவதைக் குறித்து, 'அவருடைய விருப்பப்படி' என்று ஓரத்தில் எழுதினேன். தொகுத்து அனுப்பும்போது ஓரத்தில் உள்ளது போகாது. எங்கே போனான் என்றே தெரியாதவர்களோடு சேர்ந்து அவனும் ஒரு எண்ணாகிவிடுவான். மேலதிகாரி அதைப் படித்துவிட்டு, அவன் தங்கியிருக்கும் இடத்தின் பக்கம் போய்ச் சத்தமில்லாமல் பார்த்துவிட்டு வரலாமே என்றார். அக்கம்பக்கத்தில் கேட்பதே அவனைக் காட்டிக்கொடுப்பதாகிவிடும் என்று மறுத்தேன். அவர் வற்புறுத்தவில்லை. "நாளைக்கு அவன் மறுபடி மாட்டினா, கடைசியா பேசினது யாருன்னு உங்களைத்தான் கேப்பாங்க" என்று மட்டும் சொன்னார். என்னைக் காப்பாற்றவே அப்படிச் சொன்னார் என்பது புரிந்தது. ஆனால் பிற்காப்பில் யாரைக் காப்பதற்காக அழைப்புகளைத் தொடர்கிறோம் என்ற சந்தேகத்தையும் அந்தப் பேச்சு கிளப்பிவிட்டது.

'ஒருநாள் நான் வேண்டாம் என்று நீ சொல்லலாம், அது நன்றிகெட்டதனம் ஆகாது' என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் என்ன என்று யோசிக்கிறேன். அப்படிச் சொல்லியிருந்தால் அவன் அன்று அவ்வளவு தயங்கித் தயங்கிப் பேசியிருக்க மாட்டான். ஆனால் அடுத்து வெளிவர இருப்பவனிடம் இதுவரை அதைச் சொல்லவில்லை. உள்ளே இருந்த காலம் முழுக்க வீட்டிலிருந்து எவரும் பார்க்க வராதவன் அவன். நானும் கழன்றுகொள்ள இப்போதே வழி தேடுகிறேன் என்றுதான் அது அவன் காதில் விழும்.