ஜாம்பேசிக் கரையில் வேலியில்லாத முகாம்

விளம்பரப் படங்களில் எல்லா சஃபாரி முகாமும் ஒரே மாதிரிதான்: வெள்ளைக் கொசுவலை, ஆற்றைப் பார்த்த குளியல் தொட்டி, மாலை வெயிலில் ஒரு கோப்பை. அதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது வீண். ஜாம்பியா நாட்டில், ஜாம்பேசி ஆற்றங்கரையில் இருக்கும் கீழ் ஜாம்பேசி தேசியப் பூங்காவில் ஆளுக்கு ஓர் இரவுக்கு 800 டாலர் தொடங்கி 1,500-ஐத் தாண்டியும் வாங்கும் முகாம்களில் தொட்டியும் மெத்தையும் எங்கேயும் நன்றாகத்தான் இருக்கும். வித்தியாசம் எந்த மாதம் போகிறோம், ஆற்றின் எந்தப் பகுதியில் தங்குகிறோம் என்பதில் இருக்கிறது.

பூங்கா 1983-இல் அறிவிக்கப்பட்டது; பரப்பு சுமார் 4,090 சதுர கிலோமீட்டர். எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம். பின்னால் நிற்கும் மலைத்தொடரில் பெரும்பகுதிக்குப் பாதையே இல்லை. மலையடிவாரத்துக்கும் ஆற்றுக்கும் நடுவே உள்ள ஒடுங்கிய சமவெளியில்தான் ஜீப் ஓடும், விலங்கும் கூடும். மேற்கு எல்லை சோங்வே ஆறு. அதைத் தாண்டி வெளியே இருக்கும் முகாம்களும் நல்லவைதான், ஆனால் பூங்காவுக்குள் நுழைய ஒவ்வொரு நாளும் பயணம் கூடும். முன்பதிவுக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இது: முகாம் சோங்வேக்கு உள்ளா, வெளியா? ராயல் என்ற சிறுவிமான ஓடுதளத்தில் இறங்கினால் மேற்குப் பக்கம். ஜெகி ஓடுதளத்தில் இறங்கினால் பூங்காவின் நடுப்பகுதி. எதிர்க்கரை ஜிம்பாப்வே, மானா பூல்ஸ் பூங்கா. எல்லைக்கோடு ஆற்றோடு போவதால் அந்தக் கரையில் கால் வைக்க முடியாது.

ஒட்டகச்சிவிங்கி இங்கே இல்லை. காண்டாமிருகமும் இல்லை. அவற்றுக்காக ஏங்குபவர் வேறு பூங்காவைப் பார்க்கலாம். யானை, நீர்யானை, காட்டெருமை, சிறுத்தை, சிங்கம், காட்டுநாய்: இவற்றுக்குத்தான் இந்தக் கரை.

மாதம் என்று வந்தால் ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் முதல் வாரம் வரை என்பதே எங்கள் தேர்வு. கரையோரம் முழுக்க வின்டர்தார்ன் என்ற மரம், நம் வேல மரத்துக்குச் சொந்தம். மழைக்காலத்தில் இலை உதிர்த்து, மற்ற மரமெல்லாம் காய்ந்து நிற்கும்போது பச்சையாக நிற்கும் விநோதம் அதற்கு. அங்கே வறட்சி முற்றும் அந்த மாதங்களில் கொடுக்காப்புளி போலச் சுருண்ட காய்களை உதிர்க்கும். யானைக்கு அந்தக் காய் என்றால் உயிர். முகாம்கள் கட்டியிருப்பதும் அதே மர நிழலில்தான். அதனால்தான் கூடாரத்து வாசலில் யானை நிற்கிறது. விருந்தாளியைப் பார்க்க வரவில்லை. செப்டம்பரில் செம்பஞ்சுருட்டான் பறவைகள் மண்கரையில் கூட்டம் கூட்டமாகப் பொந்து தோண்டும். அக்டோபர் கடைசியில் வெயில் 40 டிகிரியைத் தொடும், மதியத் தூக்கம் வேர்வையில் போகும். ஜூன், ஜூலையில் விடிகாலை 10 டிகிரி; திறந்த ஜீப்பில் காற்று அறையும்போது அது இன்னும் குளிராகத் தெரியும், குல்லாவும் கையுறையும் கட்டாயம். நவம்பர் நடுவில் மழை இறங்கினால் கரிசல் மண் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். பெரும்பாலான முகாம்கள் மூடிவிடும்.

ஜாம்பியத் தலைநகர் லுசாகாவுக்கு துபாய் வழியாகவோ அடிஸ் அபாபா வழியாகவோ போகலாம். அடிஸ் வழி என்றால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கையில் இருப்பது நல்லது. திரும்பும்போது இந்திய விமான நிலையத்தில் கேட்கக்கூடும். ஊசி போட்டு 10 நாள் கழிந்த பிறகே சான்று செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள்.

லுசாகாவிலிருந்து அரை மணி, முக்கால் மணி நேரச் சிறுவிமானம். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். கைப்பையும் சேர்த்து 15 கிலோ என்பது வழக்கமான அளவு. அதுவும் மடங்கும் துணிப்பை. சக்கரமும் கம்பிச் சட்டமும் வைத்த பெட்டி கூடாது. செஸ்னா காரவானில் சாமான் போவது விமானத்தின் வயிற்றுக்கு அடியில் ஒட்டியிருக்கும் தாழ்வான அறையில். 12 கிலோ எடையுள்ள கெட்டிப் பெட்டியும் அதில் நுழையாது. தினமும் துணி துவைத்துத் தருவார்கள், மூன்று செட் போதும். உள்ளாடையைச் சில முகாம்களில் துவைக்க மாட்டார்கள், அதற்கென அறையில் சோப்புத்தூள் இருக்கும். துவைத்தது எல்லாமே, துண்டு உட்பட, இஸ்திரி போட்டே வரும். அது ஆடம்பரத்துக்கு இல்லை. புட்சி என்ற ஈ, ஈரத்துணியில் முட்டையிடும். புழு தோலுக்குள் புகுந்து கட்டி கிளப்பும். சூடு பட்டால் முட்டை சாகும். நீங்களே அலசி வெளியே காயப்போட்டால் இந்த இஸ்திரி விட்டுப்போகும்.

நீல, கறுப்பு உடை வேண்டாம். செட்சி என்ற கடிக்கும் ஈயைப் பிடிக்கப் பொறி தைப்பதே அந்த இரண்டு நிறத் துணியில்தான். ஆற்றோரத் திறந்தவெளியில் தொல்லை குறைவு, உள்ளே மோப்பனே மரக் காட்டுக்குள் ஜீப் நுழைந்ததும் பின்தொடரும். கொசு மருந்துக்கு அவ்வளவாக அசராது, கெட்டித்துணி முழுக்கைதான் மருந்து. காக்கி, மண்நிறம், மங்கிய பச்சை போதும்.

முகாமில் வேலி கிடையாது. இருட்டிவிட்டால் சாப்பாட்டுக் கூடத்துக்கும் கூடாரத்துக்கும் நடுவே தனியாக நடக்கக்கூடாது, 30 மீட்டர்தான் என்றாலும். நீர்யானை இரவில் கரையேறி ஒரே ராத்திரியில் சுமார் 40 கிலோ புல் மேயும். சாந்தமாகத் தெரியும், அதற்கும் தண்ணீருக்கும் குறுக்கே நீங்கள் வந்துவிட்டால் சாந்தம் போயிற்று. கூடாரத்தில் விசிலோ காற்றுக் குழலோ வைத்திருப்பார்கள். அது நிஜ ஆபத்துக்கு. காபி கேட்க அல்ல. பழம் எதையும் அறைக்குக் கொண்டுபோகாதீர்கள், ஆரஞ்சு, மாம்பழம் முக்கியமாக. அந்த வாசனைக்கு யானை கூடாரத் துணியைக் கிழித்துத் தும்பிக்கையை நீட்டும். பபூனுக்கும் குரங்குக்கும் ஜிப் திறக்கத் தெரியும். இரண்டு ஜிப்பையும் சேர்த்துக் கொக்கி மாட்டிவிட்டுத்தான் வெளியே போக வேண்டும்.

ஐந்து, ஐந்தரைக்கு எழுப்புவார்கள். தீமூட்டத்தைச் சுற்றிக் கஞ்சியும் ரொட்டியும், ஆறு மணிக்குக் கிளம்பிப் பத்து, பதினொன்றுக்குத் திரும்பல். மதியம் ஓய்வு. நாலு மணிக்கு மறுபடி; இருட்டியதும் ஒளிவிளக்குடன் வந்து, எட்டு மணிக்குச் சாப்பாடு. தினமும் ஜீப்பிலேயே ஏறுவது இந்த இடத்துக்குச் செய்யும் அநியாயம். கரையிலிருந்து பார்ப்பதும் தண்ணீரிலிருந்து பார்ப்பதும் ஒன்றல்ல.

கனூ என்ற துடுப்புப் படகுப் பயணத்தைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் மதியத்துக்கு மேல் காற்று எழும்பி அலை அடிக்கும். நீர்யானைக்குப் பாதுகாப்பு ஆழம்தான். பயந்தால் ஆழத்துக்கு ஓடும். ஆகவே கைடு படகை ஆழமற்ற ஓரத்திலேயே விட்டு, ஆழமான பக்கத்தை அதற்கு ஒதுக்குவார். வளைவு வருமுன் துடுப்பால் படகைத் தட்டுவார்: உள்ளே மூழ்கிக் கிடப்பது தலைதூக்கட்டும், எங்கே இருக்கிறது என்று தெரியட்டும் என்று. கையைத் தண்ணீரில் அளையவிடக் கூடாது, முதலை உண்டு. ஆற்றின் மேற்பகுதியில் கரிபா அணை இருப்பதால் திறந்துவிடும் நீரைப் பொறுத்து மட்டம் மாறும். நேற்று படகு போன வாய்க்காலில் இன்று மணல் தட்டும். இறங்கித் தள்ளுவது கைடின் வேலை, அவர் சொன்னாலொழிய நீங்கள் இறங்காதீர்கள்.

நடைப்பயணத்தில் கைடோடு துப்பாக்கி ஏந்திய வனத்துறைக் காவலரும் வருவார். ஒற்றை வரிசை, பேச்சில்லை, ஓட்டமும் இல்லை. சிறுபிள்ளைகளை நடைக்கும் கனூவுக்கும் பெரும்பாலும் சேர்க்க மாட்டார்கள்; வயது வரம்பை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். டைகர்ஃபிஷ் பிடிப்பவர்களுக்கு: அந்த மீனின் பல் தூண்டில் நூலை அறுத்துவிடும், கம்பி இணைப்பு வேண்டும்; எதிர்முள் இல்லாத தூண்டில், பிடித்ததும் விட்டுவிடுவது. டிசம்பரிலிருந்து பிப்ரவரி முடிய மீன்பிடித் தடை.

மின்சாரம் சூரிய ஒளியில் இருந்து. கேமரா, போன் சார்ஜ் ஏறும். 1,500 வாட் ஹேர்டிரையர் போட்டால் இன்வெர்ட்டர் விழுந்துவிடும். தூக்கத்தில் மூச்சுக்கருவி வைத்துக்கொள்பவர்கள் முன்பதிவின்போதே சொல்ல வேண்டும். பிரிட்டிஷ் மாதிரிச் சதுர மூன்று முனை அடாப்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

சைவம் என்றால் ‘முட்டை இல்லை, மீன் இல்லை’ என்று எழுத்தில் பிரித்துச் சொல்ல வேண்டும். சமையல் சாமான் லுசாகாவிலிருந்து வருவது, வந்த அன்று சொன்னால் உருளைக்கிழங்குதான். ஒரு வேளை ஊழியர் சாப்பிடும் ந்ஷிமாவைக் கேட்டு வாங்குங்கள். மக்காச்சோள மாவுக் களி. கையால் உருட்டி, நிலக்கடலை சேர்த்த பூசணி இலைக் கூட்டில் தொட்டுச் சாப்பிடுவது. களி தின்று வளர்ந்தவருக்கு இது புதுச் சாப்பாடே அல்ல. அங்குள்ள மொழியில் ‘முலி ப்வாஞ்சி’ என்றால் நலமா; ‘ஸிகோமோ’ நன்றி.

மலேரியா மாத்திரை விஷயத்தில் சமரசம் வேண்டாம். அடோவாகோன்-ப்ரோகுவானில் என்றால் போவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பு தொடங்கி, திரும்பி ஏழு நாள் வரை. டாக்ஸிசைக்ளின் என்றால் திரும்பி நாலு வாரம். அதைச் சாப்பிட்டால் வெயிலில் தோல் எரியும். ஊர் வந்த பிறகு மாதக்கணக்கில் கழித்துக் காய்ச்சல் வந்தாலும் டாக்டரிடம் முதல் வாக்கியமே ‘ஆப்பிரிக்கா போயிருந்தேன்’ என்று இருக்கட்டும். சென்னையில் பெரும்பாலும் வருவது வைவாக்ஸ் வகை மலேரியா. அங்கிருந்து வருவது ஃபால்சிபேரம், இரண்டுக்கும் மருந்து வேறு.