தீர்வை ஏற்படாத தரிசு

சர்வேயர் வேலையில் நான் முதலில் படிக்கக் கற்றது கிராமத்தின் அடிப்படை நிலப் பதிவேடான ஏ-ரிஜிஸ்டரைத்தான். ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் நன்செய், புன்செய், புறம்போக்கு என்று ஒரு வகை, பக்கத்திலேயே தீர்வை, அதாவது நிலவரி. தென்சென்னையின் சதுப்பு நிலமான பள்ளிக்கரணைக் கழுவெளியை ஒட்டிய ஒரு கிராமத்துக் கணக்கில், வரிசையாக 'தீர்வை ஏற்படாத தரிசு' என்று எழுதியிருந்தது. வரி வராத நிலம், அவ்வளவுதான் பொருள். தண்ணீர் நிற்கும் இடம் என்று அந்தப் பக்கத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

நில உச்சவரம்புச் சட்டமும் இதே தீர்வையை வைத்துத்தான் நிலத்தை எடை போட்டது. ஏக்கருக்கு 10 ரூபாய்க்கு மேல் 15 ரூபாய் வரை தீர்வை உள்ள நன்செய் ஓர் ஏக்கர் என்றால் அது ஒரு ஸ்டாண்டர்டு ஏக்கர். ஐந்து பேர் குடும்பம் வைத்திருக்கக்கூடிய உச்ச அளவை 1961-ல் 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று வைத்தார்கள். 1970-ல் 15 ஆக்கினார்கள். யார் கையில் எவ்வளவு என்பதுதான் கேள்வி. அன்றைக்கு நியாயமான கேள்வியும் அதுதான். ஆனால் நல்ல நிலத்தில் பினாமியும் வழக்கும் இருக்க, இல்லாதவர்களுக்கு மனை கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தால் எங்கள் கை தரிசுப் பக்கத்தைத்தான் புரட்டும். இழப்பீடு இல்லை, ஸ்டே இல்லை. நானும் அங்கே எல்லைக் கல் நட்டிருக்கிறேன்.

தென்சென்னை ஏரிகள் வழிந்தால் அந்தத் தண்ணீர் கழுவெளியில் தங்கி, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கோவளத்தில்தான் கடலைத் தொடும். கடல் மட்டம் ஏற ஏற அந்த வடிகால் இன்னும் மெதுவாகும். 2022-ல் பள்ளிக்கரணைக்கு, சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்ற ராம்சர் அந்தஸ்து கிடைத்தது. அதற்குள் பெரும்பகுதி கட்டடமாகிவிட்டது. ஏழைகளின் மனை மட்டுமல்ல, கண்ணாடிக் கட்டடங்களும்தான். வெள்ளம் வந்தபோது அந்தக் கட்டடக்காரர்களுக்கு ஜெனரேட்டர் இருந்தது.

2015 டிசம்பரில் வெள்ளக் கணக்கெடுப்புக்கு எங்களையும் அனுப்பினார்கள். ஒரு வீட்டில் காலண்டருக்கு மேலே சேற்றுக் கோடு. அந்த அம்மா பட்டாவை லேமினேட் செய்து பரணில் வைத்திருந்தார். அது மட்டும் நனையவில்லை.

"எங்கப்பா இங்கதான் தம்பி கோரை அறுத்தாரு. இடுப்பளவு தண்ணி நிக்கும்."

"அப்புறம் ஏம்மா இங்க வாங்குனீங்க?"

"குடுத்தீங்க, வாங்கிக்கிட்டோம்."

பக்கத்து வீட்டுச் சுவர் விழுந்து எல்லை தெரியவில்லை, அளந்து கொடுங்கள் என்றார். முழங்கால் தண்ணீரில் டேப்பைப் பிடித்தோம். அளவு ஒரு அங்குலம்கூடக் குறையவில்லை.