குழுமத்தின் கைக்குப் போன வயல்

ஒரு பண்ணை, பல நிறுவனங்களைத் தன்னிடம் வைத்திருக்கும் பெருங்குழுமத்தின் உடைமையாகும்போது விளைச்சல் கூடுகிறதா என்பதைவிட, விதை, உரம், டீசல், ஆள்கூலி என இட்டதற்கு ஈடாக விளைகிறதா என்பதே எனக்கு முக்கியமான கேள்வி. குழுமத்திடம் கடன் வசதியும் பெரிய அறுவடை இயந்திரங்களும் உண்டு. உக்ரைனில் 2021 வரை விளைநில விற்பனைக்குத் தடை இருந்தபோதும், குத்தகை நிலத்தைக் கொண்டே அத்தகைய குழுமங்கள் வளர்ந்தன. ஆனால் இலையின் அடிப்புறத்தில் அசுவினிப் பூச்சி அப்பியிருப்பதைக் காலையில் கண்ட மேற்பார்வையாளர், மருந்தடிக்கத் தலைமையகத்தின் ஒப்புதலுக்காக நாள்கணக்கில் காத்திருந்தால், அதற்குள் பூச்சி வயல் முழுவதும் பரவிவிடும். கணக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. இதைப் பலரும் கவனிப்பதில்லை என்பது என் வருத்தம். தானியத்தைக் குழுமத்தின் வணிக நிறுவனமே குறைந்த விலைக்கு எடுத்துக்கொண்டால், நன்றாக விளைந்த பண்ணையும் ஏட்டில் நட்டப் பண்ணையாகவே தெரியும். அந்த ஏட்டைக் கொண்டு அதன் திறனை அளக்க நான் உடன்படமாட்டேன்.